கார்டு பெட்டிக்கு எது வலது?

என் வீட்டுக்காரருக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. சொந்த வீடு, வெளியூர்ப் பயணம், புது வண்டி, எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஒரே ஒரு ஆசையை மட்டும் இருபத்திரண்டு வருடமாக மனத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தார். என் அப்பாவிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

என் அப்பா ரயிலில் முப்பத்தாறு வருடம் கார்டாக இருந்தவர். ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியும் விசிலுமாக ஒருவர் நிற்பாரே, அவர். ஓடுகிற வண்டியின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. வீட்டுக்குள் திட்டினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். எங்கள் குடும்பத்தில் அந்தத் திட்டு வாங்காதவர்கள் இல்லை. என் அண்ணனுக்கு ஐம்பது வயது. ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்க்கிற ஹெட்மாஸ்டர். அவனையும் வாசலிலேயே நிறுத்தி, "டேய், செருப்பைக் கழட்டிப் போட்டிருக்கிற லட்சணத்தப் பாரு" என்பார். என்னைக் கூப்பிடுவதே "ஏய் வாயாடி" என்றுதான். செய்தித்தாள் போடுகிறவர், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர், மாடிப்படியில் தூங்குகிற பூனை, யாருக்கும் விலக்கில்லை.

இவருக்கு மட்டும் விலக்கு. இவர் உள்ளே நுழைந்தால் அப்பா எழுந்து நிற்பார். "வாங்க. உக்காருங்க. சிரமப்பட்டு வந்திருக்கீங்க." கிளம்பினால் தெருமுனை வரை வந்து, "பாத்துப் போங்க." அப்பாவுக்கு மேல்வரிசைப் பல் செட் செய்தது இவர்தான். வாய் நிறைய அளவெடுக்கும் பசையை அப்பிவைத்திருந்தபோதுகூட அப்பா அதற்குள்ளிருந்து, "ஒங்களுக்குத்தான் செரமம்" என்று ஏதோ முனகினார்.

காரணம் நான்தான். பல் கட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நானே முடிவு செய்துகொண்டு வந்து நின்றபோது அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ஏழாவது மாதம் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு, இனி இந்த மனிதருக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார் போலிருக்கிறது. அன்றைக்கு ஆரம்பித்த மரியாதை, வேலி போட்டது மாதிரி நடுவில் நின்றுவிட்டது.

ஒருநாள் அப்பா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டான். மேசையில் இருந்த செய்தித்தாள் நனைந்தது. அதற்கு அவன் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அரை மணி நேரம் கழித்து இவர் ஒரு டம்ளர் டீயை அப்பாவின் பென்ஷன் காகிதங்கள் மேலேயே கவிழ்த்தார். அப்பா கைக்குட்டையால் ஒற்றி எடுத்துக்கொண்டே, "பரவாயில்லைங்க, காகிதந்தானே" என்றார். வீடு திரும்பும்போது பேருந்தில் இவர் முகம் தொங்கிக் கிடந்தது.

"உங்க அண்ணன எவ்ளோ திட்டினாரு, பாத்தியா?" என்றார்.

"ஆமா, பாவம்."

"பாவமா? குடுத்து வச்சவரு."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. இவருக்கு இரண்டு வயதில் அப்பா போய்விட்டார். மாமா வீட்டில் வளர்ந்தார். தகப்பன் இல்லாத பிள்ளை என்று எல்லோரும் பாவம் பார்த்தார்கள். பாவம் பார்த்ததில் ஒருவரும் திட்டவில்லை. எட்டு வயதில் மாமாவின் சுவர்க் கடிகாரத்தைக் கீழே போட்டு உடைத்தாராம். மாமா ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்துக் கூட்டிவிட்டு, "பரவாயில்ல, போ" என்றாராம். அதே வாரம் மாமாவின் சொந்த மகன் ஒரு பென்சிலைத் தொலைத்ததற்கு முதுகில் வாங்கினான். அந்த வீட்டில் யார் யார் பிள்ளை என்று தனக்கு அன்றைக்குத் தெரிந்துபோனது என்று இவர் சொன்னார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பது நமக்கெல்லாம் பழமொழி. இவருக்கு அது கிடைக்காமல் போன சொத்து.

இவர் தொழிலைச் சொல்ல வேண்டும். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல் செய்வது இவர் வேலை. ஒற்றைப் பல்லும் உண்டு, முழு செட்டும் உண்டு. தெருவில் எல்லோரும் "பல் டாக்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். "டாக்டர் இல்லீங்க, பல்லு மட்டுந்தான்" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவார். பேருந்தில் எதிர் சீட்டு அம்மாள் கொட்டாவி விட்டால் என் காதில், "மேல் வரிசை என்னுது" என்பார். எனக்கு முன்பல் உடைந்தபோது நிறம் ஒப்பிட்டுப் பார்க்க வந்தவர்தான் இவர். பல நிறத்தில் பற்களைக் கோத்த ஒரு பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். பத்து நிமிடம் சிரித்தேன். ஒரு பெண்ணைப் பத்து நிமிடம் சிரிக்க வைத்துவிட்டு, பல்லைத் தவிர வேறு எதையும் பார்க்காத மனிதரை எங்கே தேடிப் பிடிப்பது? நான் விழுந்துவிட்டேன். விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர் என்று சொல்வார்களே, வாயிலேயே பிழைப்பு நடத்தினாலும் இவர் அந்த ரகம்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. வலது என்றால் பல்லுக்குச் சொந்தக்காரரின் வலது. அவர் நமக்கு எதிரே வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பார். ஆகவே அவருடைய வலது நமக்கு இடது. முப்பது வருடத்தில் இது இவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. "வலது பக்க அலமாரியில இருக்கு" என்று இவர் சொன்னால் நான் பேசாமல் இடது பக்கத்தைத் திறப்பேன். கேட்டால், சுவர் நம்மைப் பார்த்துத்தானே நிற்கிறது என்பார்.

போன வருடம் ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இவர் அதைப் பார்த்தார். பழைய காலத்து ரயிலின் கடைசியில் வரும் கார்டு பெட்டி. உண்மையான பெட்டியில் எட்டில் ஒரு பங்கு. கட்டி முடித்தால் ஒரு மீட்டர் நீளம், முழங்கால் உயரம், பதினாலு கிலோ. பொம்மை என்று சொல்ல முடியாது. பூங்காக்களில் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன ரயிலுக்குப் பின்னால் கோக்கிற மாதிரி. ஆனால் கடையில் கிடைப்பது அட்டைப்பெட்டி நிறைய உதிரிகள்தான். வெட்டிவைத்த ஒட்டுப்பலகைகள், நான்கு வார்ப்பிரும்புச் சக்கரங்கள், பித்தளைக் கம்பிகள், சின்னச் சின்னப் பொட்டலங்களில் ஸ்க்ரூ, நாற்பத்தெட்டுப் பக்கத்துக்கு ஒரு குறிப்புப் புத்தகம்.

"உங்கப்பாவுக்குக் கட்டிக் குடுக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"கட்டிக் குடுத்தா திட்டுவாருன்னா?"

"திட்ட வேணாம். சந்தோஷத்துல ஒரு தடவை வாய் தவறி 'நீ'ன்னு சொன்னா போதும்."

எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தோறும், எங்கள் சாப்பாட்டு மேசை ரயில்வேக்குச் சொந்தமாயிற்று. நாங்கள் சமையல் மேடையில் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டோம். நான் கத்தினேன். ஆனால் அந்தக் கை வேலை செய்வதைப் பார்த்தால் கத்தினவளே பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒட்டுகிற இடத்தில் பசையை பல் அச்சுக்கு மெழுகு செதுக்குகிற கத்தியின் நுனியால் வைத்தார். சன்னல் சட்டங்களுக்குப் பல்லுக்குப் பூசுகிற தூரிகையால் வண்ணம் அடித்தார். பழைய மரத்தின் பழுப்பு வரவேண்டும் என்று ஒரு பலகைத் துண்டில் பதினோரு பழுப்பு பூசிக் காயவைத்து, வெளிச்சத்தில் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தார்.

கூரையைச் சுவர்மேல் உட்கார வைத்ததைத்தான் சொல்ல வேண்டும். கடிக்கும்போது எந்தப் பல் உயர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நீலத்தாள் வைத்திருக்கிறார்கள். அதைக் கடிக்கச் சொன்னால், இடிக்கிற பல்லில் நீலப் புள்ளி விழும். அந்தப் புள்ளியை ராவி எடுப்பார்கள். இவர் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் அந்தத் தாளை வைத்து அழுத்தினார். புள்ளி விழுந்த இடத்தைச் சின்ன மெஷினால் ராவினார். மறுபடி தாள், மறுபடி ராவல். நாலு ஞாயிறு. கடைசியில் கூரையை வைத்தபோது புஸ்ஸென்று காற்று மட்டும் வெளியே வந்தது, வேறு சத்தமில்லை. அந்தப் பெட்டி நன்றாகக் கடித்தது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அப்பாவை ஒரு ஞாயிறு காலையில் வரச்சொன்னோம். இவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மேசை ஓரமாக நின்றார். மேலே மூடியிருந்த துணியை நான் எடுத்தேன்.

அப்பா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், கைப்பிடிக் கம்பியை விரலால் தடவினார். பின்பக்கத்துச் சின்னக் கதவைச் சுண்டுவிரல் நகத்தால் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பப் பிரமாதம்ங்க" என்றார் அப்பா. "எவ்ளோ சிரமப்பட்டிருக்கீங்க."

"உங்களுக்குத்தான் மாமா. நீங்க எடுத்துட்டுப் போகணும்."

"ஐயோ, வேணாங்க. உங்க உழைப்பு. இங்கேயே இருக்கட்டும்."

அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எட்டு மாதம் தண்ணீரில் போட்ட உப்பாயிற்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை கூடப் போனேன். பாதி வழியில் அப்பா தனக்குத்தானே, "பாவம், பிரேக்கக் கொண்டுபோய் வாசல்ல வச்சிருக்காரு" என்றார்.

"எந்த பிரேக்?"

"கார்டோட கை பிரேக்குதான். கையால சுத்துற அந்தச் சக்கரம். சீட்டு, பிரேக்கு எல்லாம் பக்கம் மாறிப்போச்சு. கதவு இடிக்குதுன்னு கதவ வேற ராவி வச்சிருக்காரு."

"அங்கேயே சொல்ல வேண்டியதுதானே?"

"மாப்பிள்ளைகிட்ட எப்படிம்மா குத்தம் சொல்றது? நல்லாவா இருக்கும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்குத் திரும்பி, நின்ற நிலையில் இவரிடம் போட்டு உடைத்தேன். இவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். முப்பத்தோராம் பக்கம். பெட்டியின் பின்முகத்தை உங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளவும். பிரேக் தூணை வலது துளையில் நிறுத்தவும். எந்த ஊர் வண்டிக்கும் பொருந்தட்டும் என்று துளை இரண்டு பக்கமும் போட்டிருந்தார்கள். முகத்தைத் தன்னைப் பார்த்து வைத்த பிறகு வலது என்றால் எது? முப்பது வருடமாக எதுவோ, அதுதான். பெட்டியின் வலது. இவருக்கு இடது, கதவு இருக்கிற பக்கம். அப்புறம் சீட்டும் அதன்கூடவே போயிற்று. கதவைத் திறந்தால் பிரேக் சக்கரத்தில் இடித்திருக்கிறது. இடித்தால் ராவுவதுதானே இவர் படித்த படிப்பு? நீலத்தாள் வைத்து ராவிவிட்டார்.

தப்பு இப்படி நடந்தது என்று தெரிந்தவுடன் தலையில் கைவைத்து உட்காருவார் என்று நினைத்தேன். இவர் புத்தகத்தை மூடி வைத்தார்.

"மாமா பாத்துட்டாரா?" என்றார்.

"பாத்துட்டாருன்னுதானே சொல்றேன்."

"பாத்துட்டு, பரவாயில்லன்னு போயிட்டாரா?"

அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவன் துடைப்பம் கூட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மூலையில் நிற்கிறான் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் அழவில்லை. வாரம் முழுக்க யோசனையாகவே இருந்தார்.

தப்பைச் சரிசெய்துவிடுவார் என்று நினைத்தேன். ஆறு ஸ்க்ரூ விஷயம். அரை மணி நேர வேலை. தொடவே இல்லை. அடுத்த ஞாயிறு காலையில் ஒரு டாக்ஸியைக் கூப்பிட்டு, பெட்டியைப் போர்வையில் சுற்றிப் பின்சீட்டில் படுக்கவைத்து, என்னை முன்சீட்டில் ஏற்றினார். "என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டதற்கு, "நீ சமையல்கட்டுல இரு. வாயத் திறக்காத" என்றார். கல்லுளிமங்கன் வாயிலிருந்து அதற்குமேல் வாங்க முடியாது.

அப்பா பெட்டியைப் பார்த்ததும் பதறிப்போய், "எதுக்குங்க இவ்ளோ சிரமம்" என்று ஆரம்பித்தார். இவர் அதைக் கூடத்து மேசையில் இறக்கினார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மாமா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"பிரேக் சரியான பக்கந்தானே இருக்கு?"

அப்பா தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் இருக்கு. அருமையா பண்ணிருக்கீங்க."

"வாசல்ல இருக்குறதுதான் சரின்னு எனக்குத் தோணுது. ஏறின ஒடனே கைக்குக் கிடைக்கும்ல?"

"அது... அப்படியும் வச்சுக்கலாம்."

"வச்சுக்கலாம் இல்ல மாமா, அதான் முறை. அந்தக் காலத்துல எல்லாரும் தெரியாம மாத்தி வச்சிருக்காங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கள் திருமண வாழ்க்கையில் இந்த மனிதர் ஒருவரோடும் வாக்குவாதம் செய்து நான் பார்த்ததில்லை. கடைக்காரர் அழுகிய தக்காளி கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி வருகிறவர். இப்போது தெரிந்தே பொய் பேசிக்கொண்டு, நெற்றியில் வேர்வை வழிய, ஒரு கார்டுக்குக் கார்டு பெட்டியைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் மனிதர் அசையவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

இவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "யோசிச்சுப் பாத்தா, பிரேக்கே எதுக்கு மாமா? கார்டுக்கு என்ன வேலை, கடைசியில நின்னு கொடிய ஆட்டுறதுதானே?"

"டேய்!"

பாத்திர அலமாரியில் ஒரு மூடி அதிர்ந்தது. பொய்யில்லை.

"என்னடா தெரியும் உனக்கு? கொடி ஆட்டுறதாம்! சரிவுல வண்டி இறங்கும்போது ஒக்காந்த எடத்துலேருந்து ரெண்டு கையாலயும் சுத்தணும்டா அத! நீ வச்சிருக்கிற எடத்துல நின்னு சுத்தினா சுத்துறவன் கதவு வழியா வெளிய போய் விழுவான்! மழையில ஓடிவந்து ஏறுறவன் முட்டி பேந்துபோகும்! கதவு இடிக்குதுன்னா, ஏன் இடிக்குதுன்னு யோசிக்க மாட்ட? கதவப் போயி ராவி வச்சிருக்க! கதவு என்ன கடவாப் பல்லாடா, மடையா?"

எனக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். என் புருஷனை ஒருவர் ஒரு சொல் குறைத்துப் பேசினால் எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "அப்பா! யாரப் பாத்து..." என்று நான் பாதி வெளியே வந்துவிட்டேன். இவர் திரும்பாமலேயே, முதுகுக்குப் பின்னால் கையை வைத்து, 'போ, போ' என்று ஆட்டினார். பக்கவாட்டில் முகம் தெரிந்தது. கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் கன்னம் துடித்தது.

அப்பாவுக்கு அப்போதுதான் தான் என்ன பேசினோம் என்பது உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. "இல்ல... நான் வந்து..." என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டு, ஒன்றுக்கு இரண்டாக மரியாதையைக் கொட்டிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"அப்போ எந்தப் பக்கம் மாமா?" என்றார் இவர், அவசரமாக.

அப்பா இவரையே பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அடுத்த சொல்லின் வாலில் வரப்போவது 'ங்க'வா, 'டா'வா என்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். கெட்டிக்கார மனிதர், வால் இல்லாமலேயே கேட்டார்.

"ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

"இருக்கு மாமா."

அப்பா கண்ணாடியை மாற்றிப் போட்டார். சின்னக் கதவைத் திறந்தார். ராவப்பட்ட ஓரத்தை விரலால் தடவினார். தடவத் தடவ அவருக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்புறம் என்ன பாத்துட்டு நிக்கிற? எடுடா!"

இவர் பையைத் திறந்தார். அப்பா சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டார், இவர் பெரியதை எடுத்துக் கொடுத்தார். "கண்ணு தெரியலையா?" என்றார் அப்பா. இடுக்கியைக் கேட்டபோது இவர் பசையைக் கொடுத்தார். ஒரு மயிரிழை பிசகினாலும் மறுபடி செய்கிற அந்தக் கை, அன்று சாயங்காலம் வரை, கேட்டதற்கெல்லாம் தப்பாகவே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.